ஆரணி ரோடு: நின்று நின்று போகும் வண்டியில் ஒரு பகல்

ஆரணிக்கு ரயில் வராது. ஆனால் ஆரணியின் பெயரில் ஒரு ரயில் நிலையம் உண்டு. ஊரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி, அரிசி ஆலைகளுக்குப் பேர்போன களம்பூரில், ‘ஆரணி ரோடு’ என்று மஞ்சள் பலகையில் எழுதிவைத்திருக்கிறார்கள். கல்யாணப் பட்டு எடுக்க ஆரணிக்கு வருகிறவர்கள் காரிலோ வேனிலோ வந்து, நாலு கடை ஏறி இறங்கி, சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுவார்கள். களம்பூர்ப் பக்கம் இப்படியொரு ஸ்டேஷன் இருப்பது அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

ரயில் பித்துப் பிடித்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இஞ்சின் எண்ணைக் குறித்துக்கொள்கிறவர், ஹாரன் சத்தத்தை வைத்தே எந்த ஷெட் வண்டி என்று சொல்கிறவர், லெவல் கிராசிங்கில் கேமராவோடு வெயிலில் காய்கிறவர் என்று பல ரகம். ‘பழைய ரயிலில் ஒருநாள் போய்வரலாமா?’ என்று கேட்டால் இவர்களில் முக்கால்வாசிப் பேர் மேட்டுப்பாளையத்துக்குத்தான் டிக்கெட் போடுவார்கள். நியாயம்தான். 1908-ல் ஊட்டிவரை போய்ச் சேர்ந்த அந்த மலை ரயில்தான் தென்னக ரயில்வேயில் இன்றும் மிஞ்சியிருக்கும் மீட்டர் கேஜ். பல்தண்டவாளத்தைப் பிடித்து ஏறும் நீராவி இஞ்சின், 2005-ல் கிடைத்த யுனெஸ்கோ பட்டம் என்று பார்க்க நிறைய இருக்கிறது. அது விடுமுறைக்குப் போகிறவர்களின் ரயில். ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் சந்தைக்கும் போகிறவர்களின் பழைய ரயிலைப் பார்க்க ஆசைப்பட்டால் காட்பாடி–விழுப்புரம் பாசஞ்சரில் ஏற வேண்டும். கரி இஞ்சின் போய், டீசல் போய், இப்போது தலைக்கு மேலே மின்கம்பி ஓடுகிறது. ஆனாலும் வண்டி ஓட்டும் முறையில் பழசு அப்படியே இருக்கிறது. ஒற்றைப் பாதை, எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்குதல், வழியில் வருகிற சின்ன ஊரிலும் நிற்றல், 10 ரூபாய்க்கு ஏற்றிக்கொள்ளுதல். இவற்றில் கடைசி இரண்டுக்காகவாவது இந்த வண்டியைக் கொண்டாட வேண்டும் என்பது என் கட்சி.

ஆரணியில் காலை சீக்கிரம் கிளம்புவதில் ஒரு லாபம் உண்டு. நெசவுத் தெருக்களில் வெயில் ஏறுவதற்குள் பாவு நீட்டியிருப்பார்கள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பட்டு இழை இழுத்துக் கட்டியிருக்க, இரண்டு பக்கமும் நின்று அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார்கள். சைக்கிளில் வருகிறவர் இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போவார். பெங்களூர்ப் பக்கத்துப் பட்டு நூல், சூரத் ஜரிகை, உள்ளூர்க் கை. காஞ்சிபுரத்துச் சேலையைவிட எடை குறைவு என்பதுதான் ஆரணிச் சேலைக்குக் கடைக்காரர்கள் சொல்லும் முதல் சிறப்பு. புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது. ஊருக்குள் மட்டும் நெசவு இல்லை. தேவிகாபுரம், அத்திமலைப்பட்டு, ஒண்ணுபுரம் என்று சுற்றுவட்டாரமெங்கும் தறி. இதில் ஒண்ணுபுரத்துக்குத் தன் பேரிலேயே ஸ்டேஷன் உண்டு, ஆரணி ரோட்டுக்கு வடக்கே. பட்டுக்குப் பேர்வாங்கிய ஆரணிக்கு வாய்க்காத ரயில், அதற்குப் பட்டு நெய்து தரும் கிராமத்துக்கு வாய்த்திருக்கிறது.

ஏன் இப்படி என்பது வரைபடத்தைப் பார்த்தாலே புரியும். வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்கு ஜவ்வாது மலையின் கிழக்கு ஓரமாகக் கோடு கிழித்தால் அது கண்ணமங்கலம், களம்பூர், போளூர் வழியாகத்தான் வரும். ஆரணிக்குள் நுழைய வேண்டுமானால் கிழக்கே வளைந்துபோய்த் திரும்பி வர வேண்டும். பாதை போட்டவர்கள் காசு பார்த்துச் செலவு செய்தவர்கள்.

எவ்வளவு காசு பார்த்தார்கள் என்பதற்குத் தண்டவாளத்தின் அகலமே சாட்சி. இந்தியாவில் முதலில் போட்டது 5 அடி 6 அங்குல அகலப் பாதை. 1870-ல், மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, இனிச் செலவைக் குறைக்க ஒரு மீட்டர் அகலம் போதும் என்று அரசு முடிவெடுத்தது. 1874-ல் உருவான தென்னிந்திய ரயில்வே கம்பெனி அதை எவ்வளவு விசுவாசமாகப் பின்பற்றியது என்றால், 1860-களின் தொடக்கத்தில் அகலப் பாதையாகப் போட்டிருந்த நாகப்பட்டினம்–திருச்சி லைனையே பெயர்த்துக் குறுக்கிப் போட்டது. நூறு வருஷத்துக்கும் மேல் ஓட்டிவிட்டு, பிற்பாடு எல்லாவற்றையும் மறுபடி பெயர்த்து அகலமாக்கினோம். விழுப்புரத்திலிருந்து வேலூர், காட்பாடி வழியாக வடக்கே போகும் நம்முடைய பாதை 1890-களின் தொடக்கத்தில் மீட்டர் கேஜாகப் பிறந்தது. சுமார் 160 கிலோமீட்டர் நீளமுள்ள விழுப்புரம்–காட்பாடிப் பகுதி முழுக்க அகலமானது 2010-ல்.

இந்தப் பாதையின் மிகப் பிரபலமான பயணி டிக்கெட் வாங்கும்போது இப்படியொரு பாதை இருப்பதே அவருக்குத் தெரியாது. 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையில் வெங்கட்ராமன் என்ற பதினாறு வயதுப் பையன், அண்ணனின் காலேஜ் ஃபீஸ் 5 ரூபாயிலிருந்து 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினான். போக வேண்டியது திருவண்ணாமலை. வீட்டிலிருந்த பழைய அட்லஸைப் புரட்டிப் பார்த்தான். அதில் திருவண்ணாமலைக்கு ரயிலே இல்லை. பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று இருந்தது. அப்படியே 2 ரூபாய் 13 அணா கொடுத்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தான். வண்டியில் கூட வந்த ஒரு மௌல்விதான், விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாறினால் திருவண்ணாமலைக்கே ரயில் போகிறது என்று சொன்னார்.

விழுப்புரத்தில் இறங்கியபோது கையில் இருந்தது அணாக் கணக்குதான். அதற்கு மாம்பழப்பட்டுவரைதான் டிக்கெட் கிடைத்தது. அங்கிருந்து நடை. அரகண்டநல்லூர்க் குன்றுக் கோயில், ஆற்றைத் தாண்டித் திருக்கோவிலூர்க் கீழூர் என்று சுற்றி, முத்துகிருஷ்ண பாகவதர் என்பவரிடம் காதுக் கடுக்கனை அடகு வைத்து 4 ரூபாய் வாங்கி, ரசீதைக் கிழித்துப் போட்டுவிட்டு, செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். பிற்காலத்தில் அவர் ரமண மகரிஷி. ஆன்மிகக்காரர்கள் இந்தக் கதையை வேறு காரணத்துக்காகச் சொல்வார்கள். எனக்கு இதில் பிடித்தது அட்லஸ். புதுப் பாதை போட்டுச் சில வருஷம் ஆகியும் மதுரையில் இருந்த ஒரு வீட்டுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை, சக பயணி சொல்லித்தான் தெரிந்தது. இப்போது மட்டும் என்ன வாழ்கிறது? இந்தத் தடத்தில் எந்த வண்டி எங்கே நிற்கும் என்பதைப் பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்பதுதான் இன்றும் சரியான வழி.

நான் போன அன்று பாசஞ்சர் களம்பூருக்கு வந்தபோது நடைமேடையில் இருபது முப்பது பேர் இருந்தோம். தெற்கே போகிறவர்கள் வலப்பக்க ஜன்னலைப் பிடிக்க வேண்டும். போளூர்வரை ஜவ்வாது மலை கூடவே வரும். போளூர் தாண்டிச் செய்யாறு. பாலத்தின் மேல் வண்டி வேகம் குறைத்துப் போகும்போது, பெட்டியில் பாதிப் பேர் எட்டிப் பார்த்துத் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்பு சொல்வார்கள். துரிஞ்சாபுரம் பக்கம் வரும்போது அண்ணாமலை தெரிய ஆரம்பிக்கும். முதலில் தனி முக்கோணமாக, நெருங்க நெருங்கத் தோள் விரிந்து. கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கைகளை எண்ணிக்கொண்டே வரலாம்.

எதிர் சீட்டில் ஒண்ணுபுரத்தில் ஏறிய பெரியவர் ஒருவர். தறி வேலையை விட்டுச் சில வருஷம் ஆகிறதாம், முட்டி வலி. குழித்தறியில் காலைத் தொங்கப்போட்டு மிதிப்பலகையை மிதித்து மிதித்து வந்தது என்றார். என்னை நன்றாகப் பார்த்துவிட்டு விசாரணையை ஆரம்பித்தார்.

“எங்க போறீங்க தம்பி?”

“விழுப்புரங்க. போயிட்டு அடுத்த வண்டியில திரும்பிடுவேன்.”

“அங்க யாரு இருக்காங்க?”

“யாரும் இல்லீங்க. சும்மாதான், ரயில்ல போகணும்னு.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “சும்மா போயி சும்மா வர்றதுக்கு இது நல்ல வண்டிதான்” என்றார். அப்புறம் அவராகவே ஆரம்பித்தார். “எங்க நைனா காலத்துல கரி வண்டி. வெள்ள வேட்டி கட்டிக்கினு ஏறுனா எறங்கறப்ப புள்ளி புள்ளியா இருக்கும். ஜன்னல்ல தலைய நீட்டுன பசங்களுக்குக் கண்ணுல கரி விழுந்துரும். ஆத்தாகாரி முந்தானைய சுருட்டி ஊதி ஊதி ஒத்துவா. அது ஒரு வேல, திருவண்ணாமல வர்ற வரைக்கும்.”

அவர் சொன்ன கரி வண்டியில் கொஞ்சம் எஞ்சியிருப்பது பாதையின் போக்குதான். மலையோரத்தில் மேடு பள்ளத்தை வெட்டாமல் வளைந்து வளைந்து போனது அந்தக் காலத்துக் கணக்கு. அகலப் பாதையாக்கியபோது பெரும்பாலும் அதே தடத்தை ஒட்டித்தான் போட்டார்கள். வளைவில் வண்டி திரும்பும்போது கடைசிப் பெட்டிக்காரருக்கு இஞ்சின் தெரியும். ஆனால் ‘தடக் தடக்’ போய்விட்டது. அந்தச் சத்தம் பெட்டியின் சத்தமே இல்லை, துண்டு துண்டான தண்டவாளங்களின் மூட்டில் சக்கரம் ஏறி இறங்கும் சத்தம். இப்போது தண்டவாளங்களை வரிசையாகப் பற்றவைத்து நீளமாக்கிவிட்டார்கள். மெயின் லைனில் ஒரே இரைச்சல்தான். லூப் லைனுக்குள் வண்டி ஒதுங்கும்போது மட்டும் பழைய தாளம் கொஞ்சம் கேட்கும். சினிமாவில் இன்னும் அந்தச் சத்தத்தைத்தான் போடுகிறார்கள்.

லூப் லைன் என்றதும் சொல்லியாக வேண்டும். ஒற்றைப் பாதையில் பாசஞ்சர் என்பது கடைசிச் சாதி. ராமேஸ்வரம்–திருப்பதி எக்ஸ்பிரஸ் வந்தால் ஒதுங்கும், புருலியா வண்டி வந்தால் ஒதுங்கும், நீளமான கூட்ஸ் வந்தாலும் ஒதுங்கும். ஒதுங்கி நிற்கும் அந்த நேரம்தான் ரயில் பித்தனுக்குத் திருவிழா. இறங்கி நடக்கலாம். கார்டிடம் பேச்சுக் கொடுக்கலாம். 2022-லிருந்து அவர் பதவிப் பெயர் ‘டிரெயின் மேனேஜர்’, ஆனால் பெட்டியில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. ஒருகாலத்தில் இந்த மாதிரி ஸ்டேஷன்களில் கைகாட்டி மரம் இருந்தது. கை இறங்கினால் வண்டி வரும். அடுத்த ஸ்டேஷன்வரை பாதை காலி என்பதற்கு அத்தாட்சியாக ஓர் இரும்பு உருண்டை, டோக்கன். அதைத் தோல் பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் கட்டி ஸ்டேஷன்காரர் நீட்ட, ஓடுகிற வண்டியிலிருந்து டிரைவர் கையை நீட்டி வளையத்தைத் தோளில் வாங்கிக்கொள்வார். கொடுப்பவரும் வாங்குபவரும் கொஞ்சம் பிசகினாலும் வண்டியை நிறுத்தித் தேட வேண்டியதுதான். ஓர் உருண்டை வெளியே இருக்கும்போது இன்னொன்றை ஸ்டேஷனில் இருக்கும் டோக்கன் இயந்திரம் தராது, ஆகவே ஒரே துண்டுப் பாதையில் இரண்டு வண்டி நுழைய முடியாது. இவ்வளவு எளிய, இவ்வளவு உறுதியான ஒரு ஏற்பாட்டை நம் ஊரில் பள்ளிக்கூடத்து அறிவியல் பாடத்தில் சேர்த்திருக்கலாம். இப்போது எல்லாம் கலர் லைட், பொத்தான்.

திருவண்ணாமலையில் பெட்டி காலியாகி மறுபடி நிரம்புகிறது. பௌர்ணமி என்றால் கேட்கவே வேண்டாம், மலை சுற்றிவிட்டு வருகிற கூட்டம் நடைமேடையிலேயே துண்டை விரித்துப் படுத்திருக்கும். திருவண்ணாமலைக்குத் தெற்கே மலை பின்னுக்குப் போகிறது, நிலம் தட்டையாகிறது, பெட்டியில் தூங்குகிறவர்கள் அதிகமாகிறார்கள். திருக்கோவிலூர் ஸ்டேஷனும் ஆரணி ரோடு சாதிதான். ஊர் தென்பெண்ணைக்குத் தென்கரையில் இருக்க, ஸ்டேஷன் வடகரையில் அரகண்டநல்லூரில் இருக்கிறது. ஊரைத் தேடி ரயில் வராததால்தான் வெங்கட்ராமனும் ஆற்றைத் தாண்டிப் போய், ரயிலேறத் திரும்ப வேண்டியிருந்தது.

விழுப்புரம் ஜங்ஷனில் ஐந்து திசைக்குத் தண்டவாளம் பிரிகிறது: சென்னை, விருத்தாசலம் வழியாகத் திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, புதுச்சேரி, நாம் வந்த காட்பாடி. மீட்டர் கேஜ் காலத்தில் இது எவ்வளவு பெரிய இடம் என்பதை இன்றைய நடைமேடையில் நின்று ஊகிக்க முடியாது. 1965-ல் தாம்பரத்திலிருந்து இங்கேவரை மீட்டர் கேஜிலேயே மின்சாரம் இழுத்தார்கள். ஜப்பானிலிருந்து வந்த குட்டி மின் இஞ்சின்கள் சென்னை வண்டிகளை இங்கே கொண்டுவந்து விடும், இங்கிருந்து தெற்கே நீராவி இழுத்துப்போகும். இந்தியாவில் வேறெங்கும் நீண்ட தூர மீட்டர் கேஜ் வண்டியை இப்படி மின்சாரத்தில் ஓட்டவில்லை. அந்த ஏற்பாட்டில் விழுப்புரத்தில் பார்க்கக் கிடைப்பது இப்போது எதுவும் இல்லை. சமவெளியில் ஓடிய மீட்டர் கேஜில் பத்து கிலோமீட்டரையாவது ஒரு பழைய இஞ்சினோடு விட்டுவைத்திருக்கலாம். இதைச் சொன்னால் என் நண்பர்களே சிரிக்கிறார்கள். மதுரை–போடி மீட்டர் கேஜை 2010 கடைசியில் மூடி, அகலப் பாதையில் தேனிக்கு 2022-லும் போடிக்கு 2023-லும்தான் ரயில் விட்டார்கள். பத்து வருஷத்துக்கு மேல் ரயிலே இல்லாமல் கிடந்த ஊர்க்காரரிடம் போய்ப் பழைய பாதையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று பேசினால் அடிக்க வருவார்.

ஆகவே இஞ்சினைப் பற்றிய ஏக்கத்தை நிறுத்திக்கொண்டு, கையில் இருப்பதைப் பார்க்கலாம். பாசஞ்சர் என்னும் வண்டியே கொரோனாவோடு போயிருக்க வேண்டியது. 2020 மார்ச்சில் எல்லா ரயிலும் நின்றது. திரும்பி வந்தபோது பல பாசஞ்சர்கள் ‘எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்’ என்ற பேரில் வந்தன. வண்டி அதேதான், வேகமும் அதேதான். குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாகிவிட்டது. பக்கத்து ஸ்டேஷனில் இறங்குகிற கீரைக்காரம்மாவுக்கும் 30 ரூபாய். 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. நாலு வருஷம் அந்த அம்மா பஸ்ஸில் போயிருப்பார். மறுபடி ரயிலுக்கு வந்தாரா என்று யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பெட்டியும் மாறிக்கொண்டிருக்கிறது. சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் உதவியோடு 1955-ல் பெரம்பூரில் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., தன் பழைய மாடல் பெட்டியில் கடைசியை 2018 ஜனவரியில் கட்டி அனுப்பிவிட்டது. ஜன்னலில் குறுக்குக் கம்பி, மேலே ஏற்றி விடுகிற ஷட்டர், மரப்பலகை போல வரி போட்ட சீட் என்று நமக்குப் பழக்கமான அந்த நீலப் பெட்டிகள் இனி ஆயுள் முடிய முடிய வெளியே போக வேண்டியவைதான். அந்த இடத்தில் தனி இஞ்சின் இல்லாத மின்சார ரயிலான மெமு வருகிறது. மெமுவை நான் குறை சொல்ல மாட்டேன். சட்டென்று கிளம்புகிறது, சட்டென்று நிற்கிறது, எல்லா ஊரிலும் நிற்கிற வண்டிக்கு அதுதான் தகுதி. வேலூர் கண்டோன்மென்ட்டோடு நின்றிருந்த சென்னை கடற்கரை மெமுவை 2024 மே மாதத்திலிருந்து திருவண்ணாமலைவரை நீட்டியிருக்கிறார்கள். அப்போது கட்டணம் 50 ரூபாய். விடிகாலை நாலு மணி வாக்கில் திருவண்ணாமலையில் கிளம்பி, ஆரணி ரோடு, கண்ணமங்கலம், வேலூர், காட்பாடி, அரக்கோணம் என்று தொட்டுக்கொண்டு போகிறது.

திரும்பும் வண்டிக்கு விழுப்புரத்தில் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். வேண்டுமானால் அப்படியே காட்பாடிவரை போகலாம். ஆரணி ரோட்டுக்கு வடக்கே கமண்டல நாக நதி, படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் இறங்கும் கண்ணமங்கலம், வேலூர் டவுன் தாண்டிப் பாலாற்றுப் பாலம். ஆடி மாதத்தில் இந்தப் பக்கம் மஞ்சள் புடவைக் கூட்டத்தைத் தாண்டி ஜன்னலை எட்டிப் பார்க்க முடியாது. நான் களம்பூரிலேயே இறங்கிவிட்டேன்.

ஆரணிக்குள்ளேயே ரயில் வர ஒரு திட்டம் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆற்காடு, ராணிப்பேட்டை வழியாக ஆந்திரத்தின் நகரிக்குச் சுமார் 180 கிலோமீட்டர் புதுப் பாதை. அரக்கோணம் எம்.பி. ஆர்.வேலு ரயில்வே இணையமைச்சராக இருந்த காலத்தில், 2006–07 பட்ஜெட்டில் ஒப்புதல் கிடைத்தது. நிலம் எடுப்பதிலும் பணம் ஒதுக்குவதிலும் இழுத்துக்கொண்டே போகிறது. 1856-ல் ராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் ரயில் போய் நின்றது இந்த வட்டாரத்து வாலாஜா ரோட்டில்தான் என்பதை நினைத்தால் கொஞ்சம் எரிச்சலாகவே இருக்கிறது. திண்டிவனம்–நகரிப் பாதை முடிந்து வண்டி விடும்போது வழக்கம்போல் இரண்டு வாராந்திர எக்ஸ்பிரஸை விட்டுக் கொடியசைத்துவிட்டுப் போய்விடக் கூடாது. காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக, வழியில் இருக்கும் எல்லாத் தறிக் கிராமத்திலும் நிற்கிற 10 ரூபாய் வண்டி வேண்டும். பாவும் நூலும் சேலையும் மடியில் வைத்துக்கொண்டு நெசவாளர் சங்கத்துக்கும் முதலாளி வீட்டுக்கும் போய்வருகிறவர்கள் இந்த வட்டாரத்தில் தினமும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த வண்டிதான் உதவும்.

களம்பூரிலிருந்து ஆரணிக்கு ஷேர் ஆட்டோவில் வரும்போது டிரைவரிடம் இதைப் பேசிக்கொண்டு வந்தேன். ஊருக்குள்ளேயே ஸ்டேஷன் வந்துவிட்டால் இந்தப் பத்து கிலோமீட்டர் சவாரி போய்விடாதா என்று கேட்டேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல சர்வே கல்லு நட்டாங்க சார். எம் பொண்ணு இப்ப காலேஜ் போவுது. வரட்டும், வந்தப்பறம் கவலப்படலாம்” என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டா சேலைக் கடைத் தெருவா என்று கேட்டார்.